அவர்களே பேசட்டும்!

ஆண்டுதோறும் ஏப்ரல் 2-ஆம் தேதி உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐ.நா. பொதுச் சபை 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2008-ஆம் ஆண்டு முதல் இந்நாள் அனுசரிக்கப்பட்டு வருகிறது. அன்று கட்டடங்கள் நீல ஒளியில் மின்னுகின்றன. பேரணிகளும் கருத்தரங்குகளும் நடைபெறுகின்றன. இத்தகைய கருத்தரங்குகளின் மேடையில் மருத்துவர் இருப்பார்; உளவியல் வல்லுநர், சிறப்பாசிரியர், அரசு அதிகாரி, பெற்றோர் ஆகியோரும் இருப்பார்கள். ஆட்டிசம் உள்ள சிறுவர்கள் இறைவணக்கம் பாடுவார்கள், அல்லது நடனமாடுவார்கள். ஆனால், ஆட்டிசம் உள்ள ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று, தம் வாழ்வைத் தம் சொற்களிலேயே எடுத்துரைப்பது நம்மிடையே இன்னும் அரிதாகவே இருக்கிறது.

இதைச் சிறு குறையாகக் கருதிக் கடந்துவிட முடியாது. ஒரு மனிதர் உலகை எவ்வாறு உணர்கிறார் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகங்கள் எவ்வளவு தவறாகப் போயிருக்கின்றன என்பதற்கும், சம்பந்தப்பட்டவர்களே பேசத் தொடங்கிய பிறகு அவை எவ்வாறு திருத்தப்பட்டன என்பதற்கும் ஆட்டிசத்தின் வரலாறே சான்று. குறிப்பாக, ஆஸ்பெர்கர் என்ற பெயரால் அறியப்பட்ட நிலையின் வரலாறு இதில் பல பாடங்களைத் தருகிறது.

அமெரிக்காவில் 1943-ஆம் ஆண்டு லியோ கானர் என்ற மருத்துவர், பிறரோடு ஒட்டாமல் தனித்திருந்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டு, வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசக்கூடிய, ஆனால் பழகுவதில் பெரும் இடர்ப்பாடு உடைய நான்கு சிறுவர்களைப் பற்றிய ஆய்வுரையை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின் நடுவே வெளியான அந்த ஆய்வுரை நீண்டகாலம் ஆங்கில உலகின் கவனத்துக்கு வரவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் லோர்னா விங் 1981-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையே 'ஆஸ்பெர்கர்' என்ற பெயரைப் பரவலாக்கியது. அவர் ஆட்டிசம் உள்ள மகளின் தாயும்கூட. ஆட்டிசம் என்றால் பேசாத குழந்தை என்று மட்டுமே மருத்துவ உலகம் எண்ணிக்கொண்டிருந்ததால், பேசக்கூடிய பலரும் கண்டறியப்படாமலேயே விடுபட்டுப் போயினர் என்பது அவருடைய கவலை.

ஆஸ்பெர்கர் நிலையில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் மொழி வளர்ச்சி தாமதமாவதில்லை; அறிவுத்திறனிலும் குறைவிருப்பதில்லை. ஆனால் முகக்குறிப்பு, குரலின் ஏற்ற இறக்கம், சொல்லாமல் சொல்லும் பொருள் ஆகியவற்றைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கும். ஏதேனும் ஒரு துறையில் ஆழ்ந்த ஈடுபாடு இருக்கும். அன்றாட ஒழுங்கு குலைந்தால் பெரும் பதற்றம் ஏற்படும். பிறருக்கு இயல்பாகத் தோன்றும் ஓசையும் ஒளியும் மணமும் அவர்களுக்குத் தாங்க முடியாதவையாக இருக்கலாம். இவை எவையும் புறத்தோற்றத்தில் புலப்படுவதில்லை என்பதால், 'திமிர் பிடித்தவன்', 'யாரோடும் ஒட்டாதவள்', 'மரியாதை தெரியாத பிள்ளை' என்ற பட்டங்களே அவர்களுக்குப் பள்ளியிலும் வீட்டிலும் கிடைக்கின்றன.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-இல் ஆஸ்பெர்கரைத் தனி வகையாகத் தன் கையேட்டில் சேர்த்தது. 2013-இல் அதை நீக்கி, 'ஆட்டிச நிறமாலை' என்ற ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்தது. உலக சுகாதார அமைப்பும் 2022-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தன் புதிய பட்டியலில் அதே முறையைப் பின்பற்றியது. நாஜி ஆட்சியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்கிரண்ட் மனைக்கு ஆஸ்பெர்கர் சில குழந்தைகளை அனுப்பினார் என்பதை வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018-இல் ஆவணங்களுடன் வெளிப்படுத்தினார். அதன்பின் பலர் அப்பெயரையே கைவிட்டனர். அப்பெயரின் வழியாகத் தம்மைக் கண்டுகொண்ட வேறு பலர் அதை இன்னும் தக்கவைத்திருக்கின்றனர். எப்பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்ற இந்த விவாதத்தில் அவர்களே பங்கேற்கிறார்கள் என்பதே பெரிய மாற்றம்தான்.

ஏனெனில், தொடக்கத்தில் மருத்துவர்கள் மட்டுமே பேசினார்கள். தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கொடிய கருத்து அக்காலத்தில்தான் வேரூன்றியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலுக்கு 'வெற்றுக் கோட்டை' என்று பொருள்படும் தலைப்பை இட்டார். ஆட்டிசம் உள்ள குழந்தையின் உள்ளே எதுவும் இல்லை என்ற எண்ணத்தையே அத்தலைப்பு பரப்பியது. அடுத்து, பெற்றோர் பேசத் தொடங்கினார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லேண்ட், தாய்மார் மீதான பழியை 1964-இல் வெளியான தன் நூலிலேயே மறுத்திருந்தார். சிறப்புப் பள்ளிகளும் சட்டப் பாதுகாப்பும் பெற்றோர் இயக்கங்களின் உழைப்பால் விளைந்தவை. ஆயினும் அந்தக் கட்டத்திலும் ஆட்டிசம் உள்ளவர் பேசப்படும் பொருளாகவே இருந்தார், பேசுபவராக இல்லை.

மூன்றாவது கட்டத்தைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் டெம்பிள் கிராண்டின். மூன்று வயதைக் கடந்தும் பேச்சு வராத அவர், பின்னாளில் விலங்கறிவியல் பேராசிரியரானார். 1980-களில் பெற்றோரும் வல்லுநரும் கூடிய அவைகளில் அவர் பேசத் தொடங்கினார். அவரது தன்வரலாறு 1986-இல் வெளிவந்தது. பள்ளி மணியோசை தனக்குப் பல் மருத்துவரின் துளைக்கருவி நரம்பைத் தீண்டியது போன்ற வலியைத் தந்தது என்று அவர் விவரித்தபோது, தம் குழந்தை ஏன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது என்பது பல பெற்றோருக்கு விளங்கியது. அதுவரை அது பிடிவாதமாகக் கருதப்பட்டது, அடிகூட விழுந்தது. புலன்களின் இந்த மிகையுணர்வு, முன்னர்க் குறிப்பிட்ட கையேட்டில் ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களுள் ஒன்றாக 2013-இல்தான் இடம்பெற்றது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, அதை அனுபவித்தவர்கள் மேடையேறிச் சொல்லிவிட்டார்கள்.

1993-ஆம் ஆண்டு கனடாவின் டொரன்டோ நகரில் நடைபெற்ற பன்னாட்டு ஆட்டிச மாநாட்டில் ஜிம் சின்கிளேர் ஆற்றிய உரை இன்னொரு திருப்புமுனை. 'எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் அமைந்த அவ்வுரை, பெற்றோரை நோக்கியது. நீங்கள் எதிர்பார்த்த குழந்தை பிறக்கவில்லை என்பதற்காக வருந்துகிறீர்கள். ஆனால் பிறந்திருக்கும் குழந்தை உங்கள் முன்னே உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பதே அதன் சாரம். ஆட்டிசம் என்பது, உள்ளே இருக்கும் இயல்பான குழந்தையை மூடிய ஓடு அன்று. அதை உடைத்து வேறொரு குழந்தையை வெளியே எடுத்துவிட முடியாது என்றும் அவர் வாதிட்டார். ஒரு மருத்துவர் இதைச் சொல்லியிருந்தால் அறிவுரையாக மட்டுமே எஞ்சியிருக்கும். அந்தக் குழந்தையாக இருந்து வளர்ந்தவரே சொன்னதால் அது சாட்சியமாயிற்று.

இத்தகைய சாட்சியத்தின் ஆற்றலை ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. மனநலப் பாதிப்புகள் குறித்த களங்க உணர்வை எவ்வாறு குறைப்பது என்பது பற்றி 14 நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகளைத் தொகுத்து, பேட்ரிக் காரிகனும் அவருடைய குழுவினரும் 2012-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். வயதுவந்தோரிடையே தகவல்களைக் கற்பிப்பதைவிட, பாதிப்புக்கு உள்ளானவரை நேரில் சந்தித்து அவர் சொல்வதைக் கேட்பதே கூடுதல் பலன் தருகிறது. காணொலியில் பார்ப்பதைவிட நேரடிச் சந்திப்பு மேலானது என்பது அவர்களின் முடிவு. பதின்வயதினரிடையே கல்வியின் பங்கே கூடுதலாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவ்வாய்வு ஆட்டிசத்தை மட்டும் பற்றியதன்று. ஆயினும், புள்ளிவிவரங்களால் அசையாத முன்முடிவை ஒரு மனிதரின் நேரடிப் பேச்சு அசைக்கும் என்ற பாடம் இங்கும் பொருந்தக்கூடியதே.

ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. மேடைப்பேச்சு என்பது ஆஸ்பெர்கர் நிலையில் உள்ளவர்களுக்கு எவையெல்லாம் கடினமோ அவற்றையெல்லாம் கேட்கும் கலை. பேச்சாளர் அவையோரின் கண்களைப் பார்க்க வேண்டும். முகக்குறிப்பை அறிந்து பேச்சை மாற்ற வேண்டும். குரலை ஏற்றி இறக்க வேண்டும். எதிர்பாராத கேள்விக்கு உடனே விடை சொல்ல வேண்டும். பொதுக்கூட்டமும் பட்டிமன்றமும் வளர்த்த தமிழ்ச் சமூகத்தில் இந்த எதிர்பார்ப்பு இன்னும் கூடுதலானது. அடுக்குமொழியும் கைவீச்சும் இல்லாத பேச்சை நாம் பேச்சாகவே மதிப்பதில்லை.

அமெரிக்க உளவியலாளர் நோவா சாஸனும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் காட்சியையோ குரலையோ சில நொடிகள் கண்டு கேட்டவர்கள், அவர்களோடு பழக விருப்பம் குறைவு என்றே தெரிவித்தார்கள். ஆனால் அதே பேச்சை எழுத்து வடிவில் மட்டும் படித்தவர்களிடம் அந்தப் பாகுபாடு காணப்படவில்லை. சொல்லப்பட்ட செய்தியில் குறையில்லை. சொன்ன விதத்தைக் கொண்டே கேட்டவர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். வேலைவாய்ப்பு நேர்காணல்களில் தகுதியும் திறமையும் உள்ள பலர் ஏன் தோற்றுப்போகிறார்கள் என்பதற்கும் இந்த ஆய்வில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

புரிந்துகொள்ளாமை ஒருபக்கத்துக் குறை அன்று என்பதை பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் முன்வைத்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவரே. ஆட்டிசம் உள்ளவர் பிறர் மனத்தை அறிவதில் இடர்ப்படுவதைப் போலவே, பிறரும் அவர் மனத்தை அறிவதில் இடர்ப்படுகிறார்கள் என்பது அவர் கருத்து. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. ஒருவர் அடுத்தவருக்குச் செய்தி சொல்லும் சங்கிலி ஆட்டிசம் உள்ளவர்களால் மட்டுமே அமைந்தபோதும், ஆட்டிசம் இல்லாதவர்களால் மட்டுமே அமைந்தபோதும் செய்தி ஒரே அளவுக்குச் சிதையாமல் சென்றது. இரு சாராரும் கலந்த சங்கிலியில்தான் அது கூடுதலாகச் சிதைந்தது. ஆகவே, ஆஸ்பெர்கர் உள்ளவர் மேடையேறும்போது சோதனைக்கு உள்ளாவது அவருடைய பேச்சுத்திறன் மட்டும் அல்ல. அவையோரின் கேட்கும் திறனும்தான்.

கிரெட்டா துன்பர்க் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்டாக்ஹோமில் ஆற்றிய உரையில், தனக்கு ஆஸ்பெர்கர் நிலையும், சில சூழல்களில் பேச முடியாமல் போகும் நிலையும் இருப்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். தேவை எனத் தோன்றும்போது மட்டுமே பேசுவதாகவும், இது அத்தகைய தருணம் என்றும் விளக்கினார். அப்போது அவருக்கு வயது 15. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. அவையில் பேசினார். சுற்றிவளைக்காத, சமாதானம் சொல்லாத அந்தப் பேச்சுமுறையே அவருடைய வலிமையாயிற்று. அதேவேளையில், அமெரிக்கத் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் பங்கேற்றவர் அவரை மனநோயுள்ள குழந்தை என்று இழித்துரைத்தார். அத்தொலைக்காட்சி பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வாதத்துக்கு விடையில்லாதபோது பேசுபவரின் நிலையையே ஆயுதமாக்கும் போக்கு அது. வெளிப்படையாகப் பேசுவோர் கொடுக்கும் விலை என்ன என்பதை அது காட்டியது.

புகழ்பெற்றவர்களின் அறிவிப்புகளால் மட்டுமே விழிப்புணர்வு நிறைவடைந்துவிடாது. தொழிலதிபர் எலான் மஸ்க் 2021-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியபோது, தனக்கு ஆஸ்பெர்கர் இருப்பதாகவும், அந்நிலையில் உள்ள ஒருவர் அந்நிகழ்ச்சியை நடத்துவது இதுவே முதன்முறை என்றும் சொன்னார். ஆனால், ஆஸ்பெர்கர் இருப்பதாகக் கூறியுள்ள நடிகர் டான் அய்க்ராய்ட் 2003-இலேயே அதே நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியிருக்கிறார். இத்தகைய அறிவிப்புகள் சொல்லைப் பிரபலமாக்குகின்றன. ஆனால் ஆஸ்பெர்கர் என்றாலே மேதைமை என்ற புதிய பிம்பத்தையும் உருவாக்குகின்றன. கணிதத்தில் சிறக்காத, கணினி நிரல் எழுதத் தெரியாத, வேலை கிடைக்காமல் வீட்டுக்குள் முடங்கியிருக்கும் இளைஞரை அந்தப் பிம்பம் மேலும் தனிமைப்படுத்துகிறது.

அந்தத் தனிமை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2014-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியான ஆய்வு உணர்த்தியது. பிரிட்டனில் வளர்ந்த பிறகே ஆஸ்பெர்கர் எனக் கண்டறியப்பட்ட 374 பேரிடம் கேட்டபோது, 66 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் தமக்கு ஏற்பட்டதுண்டு என்றனர். பிறரைப் போல் நடித்துத் தம்மை மறைத்துக்கொள்ளும் இடைவிடாத முயற்சி எவ்வளவு சோர்வளிக்கும் என்பதை அவர்களில் பலரும் பேசியும் எழுதியும் வருகிறார்கள். குறிப்பாகப் பெண்கள் இந்த மறைப்பில் தேர்ந்துவிடுவதால், அவர்களுடைய நிலை மிகவும் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. தம்மைப் போன்ற இன்னொருவர் மேடையில் நின்று பேசுவதைக் கேட்பது, இவர்களுக்கு வாழ்க்கையைப் புதிதாகப் பார்க்கும் வாயிலாக அமையலாம்.

நம் நாட்டில் சட்டம் ஓரளவு முன்னே சென்றிருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதை உள்ளடக்கியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஆட்டிச நிறமாலையை ஏற்று, அரசு வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டிலும் இடமளித்தது. ஆனால் சமூகத்தின் அறிவு சட்டத்தோடு சேர்ந்து வளரவில்லை. ஆஸ்பெர்கர் என்ற சொல்லை இந்தியர் பலர் முதலில் கேள்விப்பட்டது 2010-இல் வெளிவந்த 'மை நேம் இஸ் கான்' திரைப்படத்தின் வாயிலாகத்தான். தமிழில் 2013-இல் 'ஹரிதாஸ்' வந்தது. இவை மதிக்கத்தக்க முயற்சிகளே; ஆனாலும் இரண்டும் பிறர் எழுதி, பிறர் நடித்த கதைகள்.

நாம் வழங்கும் சொற்களையே எடுத்துக்கொள்வோம். ஆட்டிசத்துக்குத் தமிழில் 'மதியிறுக்கம்' என்கிறோம். அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடரும் இடம்பெற்றிருக்கிறது. மதி இறுகிப்போனவர், வெளியுலகச் சிந்தனையே இல்லாதவர் என்ற பொருளை இவை தருகின்றன. வெளியுலகின் ஒவ்வோர் ஓசையும் ஒளியும் தம்மைத் தாக்குவதாகச் சொல்பவர்களைப் பார்த்து, வெளியுலகச் சிந்தனையற்றவர்கள் என்கிறோம். 'ஊனமுற்றோர்' என்ற சொல்லைக் கைவிட்டு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை ஏற்றுக்கொண்ட மொழி இது. இந்தச் சொற்களையும் மறுபரிசீலனை செய்யலாம். ஆனால் அதைச் செய்யும் குழுவில் ஆட்டிசம் உள்ளவர்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும்.

'பேசக்கூடியவர்களுக்கு மேடை கொடுத்தால், பேச இயலாதவர்களின் தேவைகள் மறைந்துவிடாதா?' என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி இது. நாள் முழுதும் துணை தேவைப்படும் குழந்தையின் வாழ்வும், தனியே வாழும் ஆஸ்பெர்கர் இளைஞரின் வாழ்வும் ஒன்றல்ல. ஒருவர் எல்லோருக்காகவும் பேசிவிட முடியாது. ஆனால் அதற்குத் தீர்வு, பேசுபவரின் வாயை அடைப்பதன்று. பேச்சு என்பதன் பொருளை விரிவாக்குவது. 2016-ஆம் ஆண்டின் சட்டமே தகவல் தொடர்பு என்பதில் எழுத்து, சைகை, படம், மாற்றுத் தொடர்புமுறைகள் ஆகியவற்றையும் சேர்க்கிறது. படங்களைத் தொட்டு வாக்கியம் அமைத்தால் அதை ஒலியாக்கும் 'ஆவாஸ்' என்ற செயலி நம் சென்னையில்தான் உருவாக்கப்பட்டது. தட்டச்சு செய்த உரையைக் கருவி படித்துக் காட்டினாலும் அது மேடைப்பேச்சுதான்.

கல்வி நிலையங்களும் அமைப்புகளும் செய்யக்கூடியவை எளியவை. கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். எழுதி வந்ததைப் பார்த்துப் படிக்க அனுமதிக்கலாம். கண்ணைக் கூசும் விளக்கையும் அலறும் ஒலிபெருக்கியையும் தவிர்க்கலாம். கைகளை அசைத்தபடியோ, தரையைப் பார்த்தபடியோ பேசினால் அது அவமரியாதை அல்ல என்பதை அவைக்கு முதலிலேயே சொல்லலாம். பேசி முடித்ததும் தனித்திருக்க ஓர் அமைதியான அறையை ஒதுக்கலாம். மருத்துவருக்குத் தரும் மதிப்பூதியத்தை இவருக்கும் தரலாம். அனைத்துக்கும் மேலாக, பேசுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். வேலையிலும் திருமணப் பேச்சிலும் பாதிப்பு நேரும் சமூகத்தில், தன் நிலையை அறிவிக்காமல் இருப்பதும் ஒருவரின் உரிமையே.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வகைசெய்யும் சட்டத்திருத்தங்களைத் தமிழக சட்டப்பேரவை 2025-ஆம் ஆண்டு நிறைவேற்றியது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேசுவதிலிருந்து அவர்களே பேசுவதை நோக்கி எடுத்து வைக்கப்பட்ட முக்கியமான அடி இது. அந்த இருக்கைகளில் ஆட்டிச நிறமாலையில் உள்ளவர்களும் அமர்வார்களா, அமர்ந்தால் அவர்களுடைய நேரடிப் பேச்சை மன்றம் பொறுமையுடன் கேட்குமா என்பதில்தான் அதன் முழுப் பயன் அடங்கியிருக்கிறது.

சொல்வன்மைக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். அவை இரண்டுக்கும் முன்பே 'கேள்வி' என்ற அதிகாரத்தை அவர் வைத்திருக்கிறார். ஆஸ்பெர்கர் நிலையில் உள்ளவர்கள் அவையின் அச்சத்தைக் கடந்து பேச முன்வந்துவிட்டார்கள். கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டிய பொறுப்பு இனி நம்முடையது. அடுத்த ஏப்ரல் 2-ஆம் தேதி கருத்தரங்குக்கு அழைப்பிதழ் அச்சிடுவோர், சிறப்புரையாளர் பட்டியலில் அவர்களுள் ஒருவரின் பெயரைச் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம்.